கடைசித் தாளின் மறுபக்கம்

அந்தச் சரித்திரத் தொடரை நான் முதலில் படித்தது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஓட்டலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தபோது. தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லாவில் உட்காருபவர் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, சாயங்காலக் காப்பிக்கு ஆள் வருவதற்குள் கிடைக்கும் இடைவேளையில் அது என் கைக்கு வரும். துணுக்குகளை மட்டும் படிப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், அதற்கு மேல் படிக்கப் பொறுமை கிடையாது. ஒரு வாரம் நடுப்பக்கத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு காது அறுபட்ட ஆள், தோளில் உப்பு மூட்டை, எதிரே மலைக் கணவாய். அவனுக்குப் பின்னால் தூரத்தில் தீப்பந்தங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அந்தப் பந்தங்கள் அவனைத் துரத்துகின்றனவா, அல்லது அவன்தான் அவற்றைக் கூட்டிக்கொண்டு போகிறானா என்று படத்தைப் பார்த்தால் புரியவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்று படித்தேன். படித்தும் தெரியவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக உப்பு சுமந்து விற்ற ஒருவன், கொங்கு நாட்டுச் சிற்றரசன் ஒருவனின் படைக்கு வழிகாட்டியாகிறான். எதிரிப் படைக்கும் அவனைவிட்டால் வழி தெரிந்த ஆள் இல்லை. இரண்டு பக்கமும் அவனை நம்பின, இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டன. ராஜாக்களும் இளவரசிகளும் நிறைய வந்தார்கள். அவர்கள் பேசும் பக்கங்களை நான் வேகமாகத் தள்ளிவிடுவேன். ஒற்றைக் காதன் எந்த ஆற்றை எங்கே கடந்தான், எந்தச் சத்திரத்தில் என்ன சாப்பிட்டான், இதெல்லாம்தான் எனக்கு வேண்டும். அவனுக்குச் சொந்த ஊர் எது என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவேயில்லை.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். தாராபுரம் பக்கம் எங்கள் கிராமத்தில் கிணறு வற்றிய வருடம் பள்ளியை விட்டு லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு பல்லடத்தில் தறி, சோமனூரில் தறி, ஒரு நூல்மில், கடைசியாக இந்த ஓட்டல். எங்கும் யாரும் என்னைத் துரத்தவில்லை. சில மாதம் ஆனால் ஓர் இடத்தில் கால் நிற்காது, கிளம்பிவிடுவேன். படுக்க அறை கிடைத்த ஊரும் உண்டு, பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் படுத்த ஊரும் உண்டு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. புது ஊருக்குப் போனதும், அந்தப் பத்திரிகை வாங்கும் சலூன் எது, டீக்கடை எது என்று விசாரித்துவிடுவேன். வேலை அதற்குப் பிறகுதான் தேடுவேன்.

படித்தால் மட்டும் போதாது, கிழித்துச் சேர்க்கவும் வேண்டும். அப்போது பல வீடுகளில் இந்த வழக்கம் இருந்தது. பத்திரிகையின் நடுப்பின்னை நெம்பி எடுத்து, தொடர் வரும் தாள்களை மட்டும் உருவி, வரிசையாக அடுக்கி வைத்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து அட்டை போட்டு வாங்குவார்கள். பின்னால் அதே கதை புத்தகமாகவும் வரும். ஆனால் புத்தகத்தில் படம் இருக்காது. வாராவாரம் ஓவியர் வரைந்த ஒற்றைக் காதன் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கல்லாக்காரருக்குச் சேர்க்கும் பழக்கம் இல்லை. அவர் படித்து முடித்ததும் தாள்கள் எனக்கு வந்தன.

முதல் பாகம் முடிந்ததும் நூல் போட்டுக் கட்டித் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். மறுபடி லாரிக்குப் போனபோது பெட்டியும் கூட வந்தது. தார்ப்பாய் கிழிந்த இடத்தில் மழை இறங்கி, மூன்று மாநிலத் தண்ணீரில் ஊறி, பாகம் முழுவதும் ஒரே கட்டியாகிவிட்டது. காயவைத்துப் பிரித்தால் ஒரு பக்கத்து எழுத்து அடுத்த பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் பாகத்தை டவுன்ஹாலுக்குப் பின்னால் பைண்டிங் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் கொடுத்து ஒழுங்காகக் காலிகோ துணி முதுகு வைத்து பைண்டு செய்தேன். அதை, பிறகு நான் சேர்ந்த ஒரு மில்லில் கூட வேலை பார்த்த ஒருவர் படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார். அவரும் என்னைப் போல ஊர் மாறுகிற ஆள். இரண்டு பேரும் வேறு வேறு திசையில் போய்விட்டோம்.

ஆக, மூன்றாம் பாகம் தொடங்கியபோது என் கையில் ஒரு தாள்கூட இல்லை. இந்தப் பாகமாவது முழுதாக என்னிடம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதையில் ஒற்றைக் காதன் பதுங்கியிருந்த இடத்தைப் பார்க்க ஆனைமலைக்குப் போய்வந்தேன். ஆற்றோரம் ஒரு பாறை, அதில் வில் சாத்திய தழும்பு என்று ஆசிரியர் விவரமாக எழுதியிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் மாசாணியம்மன் கோயிலுக்கு இறங்கினார்கள். நான் ஆற்றோரம் நடந்தேன். தென்னந்தோப்பு, மோட்டார் ரூம், பம்ப்செட் தண்ணீரில் துணி துவைக்கிற பெண்கள். பாறைகள் நிறைய இருந்தன, எல்லாவற்றிலும் தழும்பும் இருந்தது. தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். கதையில் வருகிற ஆள் என்றதும், அவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டார். தெரியாது என்றேன். ஊர் தெரியாதவனைத் தேடி இத்தனை தூரம் வருவார்களா என்று சொல்லி, ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன். ஏமாற்றம் என்று சொல்ல முடியாது. அவன் நடந்த மண்ணில் நானும் நடந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் பாகம் தொடங்கிச் சில வாரங்களில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்தேன். பம்புக்கு வார்ப்பு ஊற்றும் ஒரு பவுண்டரியில் மணல் சலிக்கிற வேலை. ஒரு வீட்டின் மாடியில் தனி அறை கிடைத்தது. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். வீட்டுக்காரருக்கு அன்னூர் பக்கம் தோட்டம் இருந்தது. அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே இரண்டு லேத் மெஷின் போட்டிருந்தார். அவர் மனைவிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அறை பார்க்கப் போன அன்று அவர் முன்னறையில் உட்கார்ந்து, குண்டூசியால் பத்திரிகைப் பின்னை நெம்பிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டிய அதே பத்திரிகை. வேறெதுவும் விசாரிக்காமல் அறைக்குச் சம்மதித்தேன்.

அக்காவும் சேர்க்கிறவர்தான். ஆனால் அவர் சேர்த்தது குடும்பத் தொடர். சரித்திரக் கதை அவருக்கு ஆகாது. அவர் உருவிக்கொண்டு கொடுக்கிற மிச்சத்தில் என் தொடர் எனக்கு வரும் என்று ஏற்பாடு. முதல் வெள்ளிக்கிழமையே சிக்கல் தெரிந்துவிட்டது. முந்தைய பாகங்களில் என் தொடரின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் சமையல் குறிப்போ தைல விளம்பரமோ இருக்கும். இப்போது பத்திரிகைக்காரர்கள் பக்கத்தை மாற்றி அமைத்திருந்தார்கள். என் தொடர் முடிகிற பக்கத்தின் பின்னால்தான் அக்காவின் தொடர் தொடங்கியது. ஒரே தாள். முன்பக்கம் என் கதைக்கு முடிவு, பின்பக்கம் அவர் கதைக்கு ஆரம்பம்.

"ஏனுங் தம்பி, எங்கதையோட மொதப் பக்கத்தைக் காணோமே, நீங்க எடுத்தீங்களா?" என்று மாடிப்படியில் நின்று கேட்டார்.

"அது என் கதையோட கடைசிப் பக்கமுங்கக்கா."

வீட்டுக்காரர் லேத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "ஒரே தாளுக்கு ரெண்டு பட்டாவா? தாசில்தாருகிட்டத்தான் போகோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு பிரதி வாங்கலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரே வீட்டுக்கு இரண்டு புத்தகம் என்றால் ஊர் சிரிக்கும் என்றார் அக்கா. கடைக்காரரும் வாடிக்கைக்கு எண்ணித்தான் தருவித்தார். கடைசியில் முறை வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் தாள் அவருக்கு, அடுத்த வாரம் எனக்கு. தாள் கிடைக்காதவருக்கு மற்றவர் அந்தப் பக்கத்தைக் கையால் எழுதித் தர வேண்டும். அவர் வயலுக்குத் தண்ணீர் விடுகிற குடும்பம், முறை வைப்பது அவருக்குப் பழக்கம். மடை மாற்றுவதைப் போலப் பிசகாமல் நடந்தது.

எனக்கு எழுதுவது வராது. பள்ளியை விட்ட பிறகு கையெழுத்துப் போட்டதைத் தவிர எழுதியதில்லை. வாரம் விட்டு வாரம் அக்காவின் குடும்பத் தொடரின் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதியதில் என் எழுத்து கொஞ்சம் நேரானது. அந்தக் கதையை நான் படிக்கவில்லை. முதல் பக்கம் மட்டும் தெரியும். முதல் பக்கங்களில் அந்தக் கதையின் நாயகி பெரும்பாலும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நான் எழுதித் தரும் தாளில் பவுண்டரிக் கருமணல் ரேகை படிந்திருக்கும். கையைக் கழுவிப்போட்டு எழுதுங்க என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வார். கழுவித்தான் எழுதினேன். அது கழுவிப் போகிற கருப்பு இல்லை.

அக்காவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவர் முழுதாக எழுத மாட்டார். ஒரு வாரம் கணவாயில் நடந்த பெரிய சண்டை. அச்சில் ஒரு முழுப் பக்கம். அவர் எழுதித் தந்ததில் நான்கே வரி.

"என்னங்கக்கா, பாதி காணோம்?"

"சண்டையெல்லாம் எழுதுனாக் கை வலிக்குதுங் தம்பி. செத்தது ஆருன்னு மட்டும் எழுதிப்போட்டேன்."

"குதிரை செத்ததை எழுதலீங்களே?"

"குதிரையுமா செத்துப்போச்சு?" என்றார். மறுநாள் ஓரத்தில், குதிரையும், என்று சேர்த்துக் கொடுத்தார்.

இப்படியே அந்தப் பாகம் ஓடியது. நான் அந்த அறையில் அத்தனை காலம் இருந்தது எனக்கே தெரியவில்லை. பவுண்டரியில் இரண்டு முறை கால் சுட்டுக்கொண்டேன். வழக்கமாக இந்த மாதிரி ஏதாவது நடந்தால் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆனால் ஒற்றைக் காதன் எதிரிப் படையைத் தப்பான பாதையில் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அவர்கள் கண்டுபிடித்தால் தலை போகும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கே போவது? வீட்டுக்காரர் தன் மனைவியிடம், இந்தத் தம்பி ஆடிக்குள் காலி செய்துவிடுவார் என்று சொல்லியிருந்தாராம். ஆடி போய்ப் புரட்டாசி வந்தபோது அதை என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொடரின் கீழே "அடுத்த வாரம் முற்றும்" என்று போட்டார்கள். அதே இடத்தில் இன்னோர் அறிவிப்பும் இருந்தது. அக்காவின் பழைய தொடர் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் புதுக் குடும்பத் தொடர் ஆரம்பம். முறைப்படி அந்த வாரத் தாள் அக்காவுடையது.

வெள்ளிக்கிழமை பவுண்டரியிலிருந்து வந்ததும் கீழேயே நின்று படித்தேன். ஒற்றைக் காதன் பிழைத்துவிட்டான். போர் முடிந்து, அவனை யாரும் தேடாத ஓர் ஊரில், வெயிலில் நடந்து வந்து, ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்கிறான். உள்ளே யாரோ எழுந்து வருகிற சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், முற்றும். கீழே அரைப் பக்கத்துக்குப் படம். வாசல், அதில் விழுந்த அவன் நிழல். நிழலுக்கும் ஒரு காதுதான் இருந்தது.

தாளைத் திருப்பினால் அக்காவின் புதுத் தொடர். தலைப்பு பெரிய எழுத்தில், வண்ணத்தில், எழுதியவரின் புகைப்படத்தோடு.

வாரக்கணக்கில் மாறி மாறி எழுதிக்கொண்டவர்களுக்கு இதில் மட்டும் எழுதித் தீராது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நடுவில் கையெழுத்துத் தாள்கள் இருப்பது எனக்குப் பரவாயில்லை. படத்தைக் கையால் எழுத முடியாது. முடிவில் படம் இல்லாமல் எனக்கு அந்தப் பாகம் வேண்டாம். அக்கா தன் பக்கத்தைச் சொன்னார்.

"மொதப் பக்கமே இல்லாம ஒரு தொடரைச் சேத்தி என்னங் பண்றது? நீங்களே சொல்லுங். நான் வேணும்னா உங்குளுது பூராத்தையும் எழுதித் தாரேன். இந்த வாட்டி சண்டையும் சேத்தி எழுதறேன்."

அந்தப் பக்கத்தில் சண்டையே இல்லை. முறை அவருடையது, அதனால் தகராறு செய்ய வழியில்லை. இன்னொரு பிரதி தேடிக்கொள்கிறேன் என்றேன். ஊர் சிரித்தாலும் சரி என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் பத்திரிகையோடு ஷாம்பு பாக்கெட் ஒன்று இலவசமாக ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். வழக்கமாக வாங்காதவர்களும் வாங்கியிருந்தார்கள், சில வீடுகளில் இரண்டு மூன்று. எங்கள் கடைக்காரர் கையை விரித்தார். உதிர்ந்த பாக்கெட் கொஞ்சம் இருக்கிறது, புத்தகம்தான் இல்லை, ஷாம்பு வேண்டுமா என்று கேட்டார். துடியலூரில் இல்லை. காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு கடையிலும் இல்லை. ஒரு ராஜ்ஜியத்தின் முடிவு ஷாம்புக்காக விற்றுத் தீர்ந்திருந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் நான் முன்பு முடி வெட்டிக்கொள்ளும் சலூனுக்குப் போனேன். அங்கே பிரதி இருந்தது, தாள் இல்லை. எனக்கு முன்னால் வந்த யாரோ சத்தமில்லாமல் உருவிக்கொண்டு போயிருந்தார். சலூன்காரர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாங்க. எடுத்தவனுக்குக் கை எரியட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்களும் எடுக்கத்தானே வந்தீங்க?" என்று கேட்டார். கேட்டு வாங்கிப்போக வந்தேன் என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

அதே தெருவில் ஒரு கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் முழுப் பிரதி ஒன்று இருந்தது. டோக்கன் கொடுக்கும் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். டாக்டர் வீட்டம்மா அதே தொடரைத்தான் சேர்க்கிறார்களாம். ராத்திரி கிளினிக் மூடும்போது புத்தகம் வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். படத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். என்ன உடம்புக்கு என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுன்ஹாலுக்குப் பின்னால் இருந்த பாயிடம் போனேன். இரண்டாம் பாகத்தை பைண்டு செய்து தந்தவர். ஊரில் பாதிப் பேர் சேர்த்த தொடர்கள் அவர் கடையில் கட்டுக்கட்டாக, சணல் கயிற்றோடு குவிந்திருக்கும். எதையும் அவர் படிப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் படித்தால் பசை காய்ந்துவிடும் என்பார். எங்காவது உதிரியாக அந்த ஒரு தாள் கிடக்குமா என்று கேட்டேன்.

"உதிரி கெடக்கும் தம்பி. ஆனா அது ஒருத்தரோடதாத்தான் இருக்கும். அதை எடுத்து உங்களுக்குக் குடுத்தா, நாளைக்கு உங்களோடதை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுப்பேன். பரவாயில்லையா?"

வேண்டாம் என்றேன். யாரோடு தகராறு என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார். கையில் பசை இருந்ததால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே தாள்ல ரெண்டு குடித்தனம். பிரிச்சா ரெண்டுமே கிழியும். ரெண்டையும் ஒண்ணாத் தெச்சிருங்க. உங்க கதை முடியற எடத்துல அவங்க கதை தொடங்கட்டும். தாளு நடுவுல தானா வந்து உக்காந்துக்கும்."

அக்காவின் தொடர் இப்போதுதான் ஆரம்பமாகியிருக்கிறது, முடிய ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ ஆகும் என்றேன். அதுவரை பொறுங்கள், பைண்டிங் கடை எங்கேயும் போகாது என்றார். அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை, நல்ல யோசனை என்றார். என் மூன்றாம் பாகத்துத் தாள்களை வாங்கிக்கொண்டு, கீழே வைத்து, அதன் மேல் அந்தத் தாளை வைத்து, அதன் மேல் தன் தொடரின் மற்ற தாள்களை வைத்து, பழைய ரெக்சின் பைக்குள் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்தார். வைத்துவிட்டு, "அதுவரைக்கும் இருப்பீங்களாங் தம்பி?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கட்டு கொஞ்சம் உயர்ந்தது. என் பாகம் அடியில் போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் படிக்க எதுவும் இல்லை. அதே பத்திரிகையில் வேறொரு சரித்திரத் தொடர் தொடங்கினார்கள். இரண்டு வாரம் படித்தேன். அதில் எல்லாரும் அரண்மனையிலேயே இருந்தார்கள், விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்தபின் பவுண்டரியில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் உலை மூடிக் கிடந்தது. எங்கள் ஊர்க்கார டிரைவர் ஒருவர் பம்பாய் லைனுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். உலை எரிந்துகொண்டிருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கிளம்புகிற அன்று அக்கா பீரோவைத் திறந்து ரெக்சின் பையை எடுத்து வந்தார். கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து அந்தத் தாளை உருவி, என் தாள்களின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார்.

"எடுத்துக்கிட்டுப் போங். நீங்க ஊரூராப் போறவரு, உங்குளுக்குன்னு இது ஒண்ணுதான் இருக்குது. மொதப் பக்கத்தை நான் எழுதி வெச்சுக்கறேன். படம் போனாப் போகுது."

வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

நான் தாள்களைக் கையில் வாங்கினேன். தகரப் பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. முதல் பாகம் மழையில் கட்டியானதை நினைத்தேன். இரண்டாம் பாகம் எந்த ஊரில் யாரிடம் இருக்கிறதோ. பம்பாய் லைனில் மழைக் காலம் நம் ஊர் மாதிரி இருக்காது என்று டிரைவர் சொல்லியிருந்தார். இதை எடுத்துக்கொண்டு போனால் ஒரு வருடத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்கா வீட்டில் வைத்தால் இருக்கும். ஆனால் என்னிடம் இருக்காது.

"இங்கியே இருக்கட்டுங்கக்கா. பாய் சொன்ன மாதிரியே ஒண்ணாத் தெச்சுருங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"வருவீங்களா?"

"வாரேனுங்க."

அவர் நம்பினாரா என்று தெரியாது. தாளை எடுத்த இடத்திலேயே செருகினார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். அரிசியும்பருப்பு சாதம், மேலே நெய். பஸ் ஏறினேன்.

இரண்டு வருடத்துக்குப் பக்கமாக லாரியில் இருந்தேன். புனே, சூரத், ஒரு முறை இந்தூர். தமிழ் எழுத்தைப் பார்க்காத மாதங்களும் இருந்தன. ஊருக்கு வருகிற சமயங்களிலும் பெரியநாயக்கன்பாளையம் வழியாக வர வாய்க்கவில்லை. பிறகு ஒரு முறை மேட்டுப்பாளையத்துக்கு வெங்காய லோடு கொண்டுவந்தோம். திரும்பும்போது ரோட்டோரம் வண்டியை நிறுத்தி டயர் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் வந்துவிடுகிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டில் லேத் இரண்டு நான்காகியிருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும் எங்கே இருந்தேன், எப்படி இருந்தேன் என்றெல்லாம் கேட்கவில்லை. நேராக பீரோவுக்குப் போனார். தடியான ஒரு பைண்டு புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்தார். கருநீலக் காலிகோ முதுகு. முதுகில் இரண்டு தொடர்களின் பெயரும் இருந்தன. அவர் கதை என்னுடையதைவிட ஒரு பங்கு கூடுதல் கனம்.

"உங்குளுதைப் படிச்சுப்போட்டேன்" என்றார்.

"முழுசாவுங்களா?"

"சண்டையைத் தள்ளிப்போட்டுப் படிச்சேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா கடைசீல அந்த மனுசன் வாசல்ல நின்னு தண்ணி கேக்கறான். குடுத்தாங்களா, இல்லையா? அதைப் போடாமயே முடிச்சுப்போட்டாரே."

அதுதான் நல்ல முடிவு, கொடுத்தால் என்ன கொடுக்காவிட்டால் என்ன, அவன் வந்து சேர்ந்துவிட்டான் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"வெயில்ல வந்தவனை நிக்க வெச்சுப்போட்டு முற்றும்னா எப்படிங்? அந்த ஊட்டுக்காரி என்ன பண்ணுனாள்னு எழுத வேண்டாமா?"

உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தைத் திறந்தேன். நடுவில் அவருடைய கையெழுத்துத் தாள்கள், குதிரையும் என்று ஓரத்தில் சேர்த்தது உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். வாசல், நிழல், ஒற்றைக் காது. படத்தின் மூலையில் கருப்பாக என் கட்டை விரல் ரேகை. அன்று கீழே நின்று படித்தபோது பட்டிருக்க வேண்டும்.

தாளைத் திருப்பினேன். அத்தனை மாதம் அவருக்காக முதல் பக்கங்களை எழுதியவனுக்கு, இந்த முதல் பக்கத்தை எழுத வேண்டியிருக்கவில்லை. அதனால் அதைப் படித்ததே இல்லை. ஒரு பெண் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிறாள். அவளுக்கு முன்னால் நிற்பவரோடு எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. வெறும் டின்னோடு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கிறாள். அடுத்த தாளைத் திருப்பினேன். அதற்கடுத்ததையும்.

ரோட்டில் எங்கள் லாரியின் ஹார்ன் கேட்டபோது அந்தப் பெண் மாமியாரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சட்டைப் பையில் ஒரு பழைய பஸ் டிக்கெட் இருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினேன். புத்தகத்தை எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மேட்டுப்பாளையம் லோடு என்றால் நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். போகும்போதெல்லாம் டிக்கெட் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தக் குடும்பக் கதையை முடிக்க எனக்கு நீண்ட காலம் ஆயிற்று. இடையில் என்ன நடக்கிறது என்று அக்காவிடம் கேட்டால் சொல்ல மாட்டார். வந்து படித்துக்கொள்ளுங்கள் என்பார்.